மாத்திரை முடிந்த பிறகு வந்த மஞ்சள்

முதலில் வந்தது அரிப்பு. என் கணவர் ஜெயராஜ் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். தோலில் தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் அதிகமாக அரிக்கிறது என்றார். சோப்பை மாற்றினேன். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிக்கச் சொன்னேன். பட்டறையில் மேலே தெறிக்கும் ஆயிலால் இருக்கும் என்று காரணமும் நானே சொல்லிவிட்டேன்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். வீடு ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில். ஒரே மகள் பெனிட்டா, கல்யாணமாகிப் பூந்தமல்லியில் ஃப்ளாட்டில் இருக்கிறாள். இவற்றைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. என் கணவர் இருபது வருடம் குடித்தவர். விட்டு ஆறு வருடம் ஆகிறது. விட்ட வருடம் எங்கள் சபையில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, குடியை விட்டுவிட்டதாகச் சாட்சி சொன்னார். அன்று நான் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து, காரணம் தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும்தான்.

அரிப்பு வந்து ஒரு வாரத்தில் அவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. இரண்டு கவளம் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். வந்ததும் படுத்துக்கொள்வார். குளியலறைக்குள் போனால் தண்ணீர் ஊற்றும் சத்தம் நெடுநேரம் கேட்கும். வண்டி ஓட்டும்போது கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தார். வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் அதைக் கழற்றுவதில்லை. கேட்டால், "தூசி ரூபி, ரோடெல்லாம் தோண்டி வச்சிகீறான்" என்பார்.

குடிகாரனோடு இருபது வருடம் வாழ்ந்த பெண்ணுக்கு இந்த அடையாளங்களெல்லாம் மனப்பாடம். சாப்பிடாமல் படுப்பது, முகத்தைக் காட்டாமல் நழுவுவது, கண்ணை மறைப்பது, குளியலறையில் தண்ணீரை வீணாக்குவது. ஒவ்வொன்றும் எனக்கு முன்பே தெரிந்த ஒரு மனிதரை ஞாபகப்படுத்தியது. மூச்சில் மட்டும் வாடை இல்லை. அதற்கும் வழிகள் உண்டு என்று எனக்குத் தெரியும்.

தேட ஆரம்பித்தேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். வண்டியின் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். சாப்பாட்டுப் பையை உதறினேன். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவருடைய சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவரோடு வேலை பார்க்கும் குமாருக்குப் போன் செய்தேன். பழைய நாட்களில் இருவரும் சேர்ந்து குடித்தவர்கள்.

"சத்தியமா இல்ல அண்ணி. அண்ணன் டீ கூடப் பாதி குடிச்சுட்டு வச்சிடுறாரு. ஒடம்பு சரியில்லாத மாரி கீறாரு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க" என்றான்.

கூட்டாளி கூட்டாளியைக் காப்பாற்றுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்பும்போது, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நகக்கண்ணும் மஞ்சள்.

"எத்தன நாளா இப்பிடி இருக்கு?"

"அஞ்சாறு நாளா."

"குடிக்கிறீங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அடித்துப் பேசவில்லை, ஆத்திரப்படவில்லை. முன்பெல்லாம் குடித்துவிட்டு 'இல்லை' என்று சொல்லும்போது கத்துவார். இந்த வித்தியாசத்தைக்கூட நான் யோசித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆவடியில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் இளைஞர். இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்.

"இருந்துச்சு சார். வுட்டு ஆறு வருசம் ஆவுது."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். இந்தக் கட்டுரையில் மற்ற எதை எழுதுவதும் எனக்குச் சிரமமாக இல்லை. இதை எழுதத்தான் பல நாள் ஆனது.

"டாக்டர், அவர் சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க."

ஜெயராஜ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த ரத்த அழுத்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தலையாட்டிவிட்டுச் சீட்டில் எதையோ எழுதினார். ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி, அதைக் கல்லீரல்தான் வெளியேற்ற வேண்டும்) ஒன்பது இருந்தது. ஒன்றைத் தாண்டக் கூடாதாம். குடியை உடனே நிறுத்த வேண்டும், எண்ணெய் சேர்க்கக் கூடாது, சத்து மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு வாரம் கழித்து வர வேண்டும் என்றார். வேறென்ன மாத்திரைகள் சாப்பிட்டார் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி நான்தான் பதிலைக் கொடுத்துவிட்டேனே.

அந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். "என் வீட்டுக்காரர் மறுபடியும் விழுந்துட்டார். ஜெபம் பண்ணுங்க" என்று அழுதேன். ஆறு வருடத்துக்கு முன் அவர் சாட்சி சொன்ன அதே மனிதர்களிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஐந்து பெண்களும் ஆயரும் வீட்டுக்கு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். மனந்திரும்புதலைப் பற்றி நெடுநேரம் ஜெபித்தார்கள். அவர் உள்ளங்கையைச் சொறிந்தபடி படுத்திருந்தார். கண்ணைத் திறக்கவேயில்லை.

எனக்கு அப்போது அவர் மேல் இரக்கம் வரவில்லை. ஆறு வருடத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்ற எரிச்சல்தான் இருந்தது. ஏமாந்தவள் நான் என்று உறுதியாக நம்பினேன்.

இங்கே அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரிப்பு தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்பு, அவருக்குக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கியது. பல் டாக்டர் ஆண்டிபயாடிக் (நோய்க்கிருமிகளை அழிக்கும் மருந்து) எழுதிக் கொடுத்தார். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. காலையும் இரவும் சாப்பாட்டோடு ஒன்று, ஐந்து நாள். முடிந்ததும் வந்து வேர் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றார். ஐந்து நாளில் வீக்கம் வடிந்தது. வேலை நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை. வேர் சிகிச்சைக்குப் போகவில்லை. பல் திரும்பவும் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்ததும், பழைய சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனை மெடிக்கலுக்கு நான்தான் போனேன். கடைக்காரர் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்தார். காலையிலும் இரவிலும் தண்ணீர் டம்ளரோடு நின்று, அவர் விழுங்கும்வரை பார்த்து, எட்டு நாள் கொடுத்தேன். வலி நின்றதும் நிறுத்திவிட்டேன். மிச்சம் இருந்த நான்கை டப்பாவில் போட்டு வைத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

ஜெபக்கூட்டத்தார் வந்து போன மறுநாள் பல் மறுபடி வலித்தது. கஞ்சி குடிக்கக்கூட வாயைத் திறக்க முடியவில்லை என்றார். டப்பாவைத் திறந்து, அந்த நான்கில் ஒன்றைக் கொடுத்தேன். இரவு இன்னொன்று.

அடுத்த நாள் காலை வாந்தி. அரிப்பு உடம்பு முழுக்கப் பரவி, காலில் ரத்தம் வரும்வரை சொறிந்துவிட்டிருந்தார். சிறுநீர் பால் இல்லாத டீ நிறத்தில் இருந்தது. அதை அன்றுதான் நான் பார்த்தேன். அத்தனை நாள் அவர் தண்ணீர் ஊற்றி ஊற்றி மறைத்தது அதைத்தான். பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். அவள் பூந்தமல்லியிலிருந்து கார் பிடித்து வந்து, அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தாள்.

பிலிருபின் பதினேழாகியிருந்தது. ரத்தம் உறையும் நேரமும் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, அது நல்லதல்ல என்றார்கள். கல்லீரல் மருத்துவர் ஒரு அம்மா. எங்கள் வயதுதான் இருக்கும். முதல் இரண்டு நாள் பரிசோதனைகள் நடந்தன. மஞ்சள் காமாலை வைரஸ்கள் எதுவும் இல்லை. ஸ்கேனில் பித்தப்பைக் கல் இல்லை, அடைப்பும் இல்லை. மூன்றாம் நாள் அவர் கோப்போடு வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிளினிக் சீட்டுல குடின்னு எழுதியிருக்கு. ஆனா ரத்தத்துல என்சைம் அளவெல்லாம் குடியால வர்ற மாதிரி இல்ல. பித்தநீர் கல்லீரலை விட்டு இறங்காம தேங்கி நிக்குது. போன ரெண்டு மூணு மாசத்துல என்னென்ன மருந்து சாப்பிட்டார்? ஜுரம், சளி, பல்லு, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"பல்லுக்குச் சாப்பிட்டார் டாக்டர். அது முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆகுது" என்றேன்.

"பேர் தெரியுமா?"

கைப்பையில் அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் பல் வலித்தால் கொடுக்கலாம் என்று, மிச்சமிருந்த இரண்டையும் எடுத்து வந்திருந்தேன். டாக்டர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ரெண்டையும் எப்போ குடுக்கலாம்னு வச்சிருந்தீங்க?"

"இன்னிக்கு…"

அவர் அதைத் திருப்பித் தரவில்லை. தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எத்தனை நாள் சாப்பிட்டார் என்று கேட்டார்; ஐந்து நாள், பிறகு நானாக எட்டு நாள், மஞ்சள் வந்த பிறகு இரண்டு மாத்திரை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த மருந்தால் சிலருக்குக் கல்லீரல் புண்படுவது உண்டு. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கும், அதிக நாள் சாப்பிட்டவர்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். சாப்பிடும்போதே தெரிய வேண்டும் என்பதில்லை. மாத்திரையை நிறுத்திப் பல வாரம் கழித்துக்கூட அரிப்பாகவும் மஞ்சளாகவும் வெளியே வரலாம். வந்த பிறகு அதே மாத்திரை மறுபடி உள்ளே போனால், முதல் தடவையைவிட வேகமாக அடிக்கும்.

"அஞ்சு நாள்லயே சில பேருக்கு வரலாம்மா. பல் டாக்டர் எழுதினது தப்பில்ல. அதுக்கு மேல எட்டு நாள், மஞ்சள் வந்தப்புறமும் ரெண்டு. அதுதான் நடந்திருக்கக் கூடாது."

என் கணவர் மெதுவாகத் தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப குடி இல்லன்றீங்க மேடம்."

"இல்ல. இது மருந்தால வந்தது."

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா குடிக்கிறார் என்று நான் சொன்னபோது அவளும் நம்பியிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவர் பேசினார்.

"தொட்டி பின்னால தேடுன. வண்டி சீட்டத் தூக்கிப் பாத்த. பாத்துகினுதான் இருந்தேன் ரூபி."

"அப்பவே ஏங்க சொல்லல? கண்ணு மஞ்சளானத ஏன் மறைச்சீங்க?"

"கம்பெனி கண்ணாடில பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு. உன்கிட்ட சொன்னா நீ இன்னா நெனப்பேன்னும் தெரியும். ரெண்டு நாள்ல சரியாயிரும்னு வுட்டேன். அப்பறம் நீ கேட்ட, இல்லன்னேன். அதுக்கு மேல இன்னா கீது சொல்றதுக்கு?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த நோய்க்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்று இல்லை. காரணமான மருந்தை நிறுத்துவதுதான் சிகிச்சை. அரிப்பைத் தணிக்க ஒரு பொடியும், பித்தநீர் இறங்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். உறவுக்காரர்கள் கீழாநெல்லி கொண்டுவந்து நீட்டினார்கள். இந்தச் சமயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன். வாராவாரம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். பதினேழு பதினாலானது, பத்தானது, ஒரு வாரம் அசையாமல் அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. முகம் முதலில் தெளிந்தது. கண் கடைசியாகத்தான் வெளுத்தது. ஒன்பது கிலோ இளைத்திருந்தார். ஒரு மதியம், நெத்திலி வறுக்கிற வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தபோது, "நம்ம வீட்ல எப்போ?" என்று கேட்டார். பசி திரும்பியதை அன்றுதான் நம்பினேன்.

மெடிக்கல்காரரிடம் ஒரு நாள் போய் நின்றேன். எங்கள் தெருவில் கடை வைத்த நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடுபவர். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கதான அக்கா கேட்டீங்க? நான் குடுக்கலன்னா வேற கடைல வாங்கியிருப்பீங்க" என்றார்.

அது உண்மை என்பதால்தான் அவ்வளவு வலித்தது. சீட்டில் ஐந்து நாள் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. படித்துச் சொல்ல வேண்டியவர் அதைப் படிக்கவில்லை. படித்திருந்த நான் பொருட்படுத்தவில்லை. அந்த மாத்திரையை நான் நல்லது என்று நம்பினேன், அவரை நம்பவில்லை. இரண்டும் ஒரே வீட்டுக்குள், ஒரே மாதத்தில் நடந்தன.

இதைப் படித்துவிட்டு அந்த மருந்தே கெட்டது என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். பெனிட்டாவுக்குக் காதில் சீழ் வைத்தபோது அவளைக் குணமாக்கியதும் இதே மாத்திரைதான். டாக்டர் சொன்ன நாளுக்குக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மிச்ச மாத்திரையை இன்னொரு நாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். மாத்திரை முடிந்து ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகியிருந்தாலும், அரிப்போ, அடர்ந்த நிறச் சிறுநீரோ, வெளுத்த மலமோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால், டாக்டரிடம் முதலில் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நோயாளி சொல்வதை முழுதாகச் சொல்ல விடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். நான் பேசியதால் என் கணவருக்கு ஒன்றரை வாரம் வீணாயிற்று. அதோடு போனதே எங்கள் அதிர்ஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் மறுபடி எழுந்து நின்றேன். நான் சொன்னது தவறு, அவர் குடிக்கவில்லை, மாத்திரையால் வந்த நோய் என்று சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வெளியே வரும்போது ஒரு அக்கா என் தோளைத் தொட்டு, "போகட்டும் ரூபி, இனிமேலாவது அவர ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பவில்லை. நான் அழுது சொன்ன பொய்யை ஒரே நொடியில் நம்பியவர்களிடம், உண்மை பாதி தூரம்கூடப் போகவில்லை. ஜெயராஜ் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தனியாக நடந்துவிட்டு வருகிறார். நான் வற்புறுத்துவதில்லை.

என் உடம்பும் மாறிவிட்டது. அவர் தூங்கி எழுந்து வெளிச்சத்துக்கு வரும்போது, என் கண் என்னைக் கேட்காமலே அவர் கண்ணுக்குப் போகிறது. அதை அவர் கவனித்து, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அக்கறையாகப் பார்க்கிற பார்வைக்கும் சந்தேகமாகப் பார்க்கிற பார்வைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. எனக்கே சில நாள் தெரிவதில்லை. நாட்களையும் நான் முன்போல் எண்ணுவதில்லை. இன்று விழுங்கியது எந்த வாரம் வெளியே வரும் என்று யாரால் சொல்ல முடியும்? இன்று பேசியதும் அப்படித்தான்.

ஐந்தாம் மாதம் கடைசிப் பரிசோதனை. காலையில் பையை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

"வேணாம். நான் தனியா போய்க்கினு வரேன்" என்றார்.

போனார். நான் சமைத்தேன், துணி துவைத்தேன், வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். மதியம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, ஆஸ்பத்திரிக் கோப்பை மேஜை மேல் வைத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நார்மல்."

குளிக்கப் போனார். கோப்பு மேஜை மேல் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்தான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் நின்று, அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்வரை, நான் அதைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.